காலிப் பக்கத்து வீரன்

ஈஸ்வரமூர்த்தி வாத்தியார் பேசிய பொய்களெல்லாம் பேசியதோடு காற்றில் போயின. எழுதிய பொய் ஒன்றே ஒன்றுதான். அது போகவில்லை. பதினெட்டு வருடம் ஊரில் இருந்து வளர்ந்து ஆளாகி, இப்போது ஒரு வீட்டை இடிக்க வந்து நிற்கிறது.

ஊர் ஓடைக்காட்டுப்புதூர். மேட்டுப்பாளையம் தாண்டி மலை தொடங்குகிற இடத்தில் எண்பது வீடு, நாலு பாக்குத் தோப்பு, கொஞ்சம் கறிவேப்பிலைக் காடு, அப்புறம் யானை. ரேஷன் கார்டில் யானைப் பேரைச் சேர்க்காத குறைதான், அத்தனை வரத்துப்போக்கு. இந்த ஊருக்கு வரலாறு என்று என்ன பெரிதாக இருந்துவிடும்? ஏதோ ஒரு பஞ்சத்தில் நாலு குடும்பம் வந்து காட்டைத் திருத்தியது. அவர்களுக்குத் துணி வெளுக்க ஒரு குடும்பம் கூடவே வந்தது. அவ்வளவுதான், எழுதினால் அரைப் பக்கம் தேறாது.

ஆனால் வாத்தியாருக்கு முழுசாக ஒரு பக்கம் தேவைப்பட்டது. கோயில் கும்பாபிஷேக மலர் அவர் பொறுப்பில் தயாராகிக்கொண்டிருந்தபோது, விளம்பரம் தருவதாகச் சொன்ன உரக்கடைக்காரர் கடைசி நாளில் கையை விரித்துவிட்டார். அச்சகத்திலிருந்து போன் வந்தது. "ஏனுங்க வாத்தியாரே, ஒரு பக்கம் காலியா நிக்குதுங்க. சாயங்காலத்துக்குள்ள என்னத்தையாச்சும் எழுதிக் குடுங்க."

அன்று காலையில்தான், ஊருக்குத் துணி வெளுக்கிற அந்தக் குடும்பத்து வெங்கடம்மாளின் வாசலில் ஒரு பட்டைக் கல் அவர் கண்ணில் பட்டிருந்தது. உட்கார்ந்தார், எழுதினார். மாடுகளை ஓட்டிப்போக வந்த கொள்ளைக் கூட்டத்தை ஒற்றை ஆளாக மறித்து மாண்டான் மல்லைய வீரன், அவன் விழுந்த இடத்தில் நட்ட கல் இன்றும் இருக்கிறது, 'என்று ஆன்றோர் கூறுவர்.' எந்த ஆன்றோர்? நல்ல கேள்வி! மலரையெல்லாம் எவன் படிக்கப் போகிறான் என்றுதான் அவர் நினைத்தார்.

படித்துத் தொலைத்தார்கள். பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டார்கள். பஞ்சாயத்தார் கல்லுக்குப் பக்கத்தில் பெயர்ப் பலகை வைத்தார்கள். கோயமுத்தூர் காலேஜிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்த ஒரு பெண், கட்டுரையின் அடிக்குறிப்பில் வாத்தியார் பெயரையே சான்றாகப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பார். எதிரே இருப்பவர் "ஐயா எழுதினதுங்களா!" என்று கும்பிடுவார். திறந்த வாய் மூடிக்கொள்ளும். கும்பிடு இனித்தது, அதை மறைப்பானேன்.

இந்த வருடம் சுரேந்தர் கிளம்பிவிட்டான். வாத்தியாரிடம் படித்தவன், பாக்கு மண்டிக்காரன், கோயில் கமிட்டித் தலைவன். மல்லைய வீரனுக்கு மணிமண்டபம் கட்டியே தீர வேண்டுமாம். கல் இருப்பது வெங்கடம்மாள் வாசலில். அவள் வீடு இருப்பதோ புறம்போக்கில், பட்டா கிடையாது. "அகழிக்குப் பக்கத்துல மூணு சென்ட் ஒதுக்கித் தாரோமுங்க, அங்க போயிக்கட்டும்" என்று கமிட்டி முடிவு செய்துவிட்டது.

யானை ஊருக்குள் வராமல் இருக்கத் தோண்டிய அகழி அது. மண் சரிந்து மூடிப்போன ஓரிடத்தில்தான் யானைகள் இப்போது இறங்குகின்றன. அந்த மூன்று சென்ட் சரியாக அதற்கு எதிரே. வெங்கடம்மாளின் புருஷன் மாரப்பன் பக்கவாதத்தில் கட்டிலோடு கிடக்கிறவர். யானை வந்தால் அவள் ஓடிவிடுவாள். அவர்?

வாத்தியாருக்குச் சோறு இறங்கவில்லை. பாவி, ஒரு பக்கத்தை நிரப்ப ஒரு மனுஷனைக் கொண்டுபோய் யானைக் காலடியில் போடுகிறாயே என்று தன்னையே திட்டிக்கொண்டார். மனைவி தெய்வாத்தாள் தட்டைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "ஏனுங்க, என்ன பண்ணுது உங்களுக்கு?" என்றாள். எல்லாவற்றையும் கொட்டினார். கேட்டுவிட்டுத் தட்டை ஒதுக்கி வைத்தாள்.

"இத்தன வருஷம் என்ற கிட்டக்கூடச் சொல்லல பாருங்க. போயிச் சொல்லிப்போட்டு வாங்க. மானம் போனாப் போவுது. அந்த மனுஷனத் தூக்கிட்டு அவ எங்கீங்க போவா?"

ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் ஊர்க்கூட்டம். வாத்தியார் எழுந்து நின்றார்.

"மல்லைய வீரன்னு ஒருத்தன் இல்லவே இல்லீங்க. பக்கம் காலியா இருக்குதுன்னு நானா எழுதிப்போட்டேன். அது வெறுங்கல்லு. அதுக்காக அவங்க ஊட்ட இடிக்காதீங்க. தப்பு என்னோடது."

ஒரு நிமிடம் எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அப்புறம் யாரோ சிரித்தார்கள்.

"வாத்தியாரே, வெயில்ல நடந்து வந்தீங்களாட்ட இருக்குது. உக்காருங்க" என்றான் சுரேந்தர்.

"நான் நிதானமாத்தாம்பா சொல்றேன். சந்தேகமுன்னா அந்த ஊட்டுக்காரங்களையே கேளு."

எல்லோரும் திரும்பினார்கள். கடைசித் தூணுக்கு அருகில் வெங்கடம்மாள் நின்றிருந்தாள். வாத்தியாருக்கு உயிர் வந்தது. வெறுங்கல்லுதான் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், வீடு பிழைத்துவிடும்.

"அது சாமிங்க" என்றாள் வெங்கடம்மாள். "என்ற மாமனாரு காலத்துலயே வெளக்கு வெச்ச கல்லுங்க. வாத்தியாருங்களுக்கு மறந்துபோயிருக்கும்."

அப்புறம் என்ன, வைகாசியில் பூமி பூஜை என்று கூட்டம் முடிந்தது. வயசானால் இப்படித்தான் என்று இரண்டு பேர் வாத்தியாரைக் கைத்தாங்கலாகப் படியிறக்கிவிட்டார்கள். அவர்களை உதறிவிட்டு வெங்கடம்மாளின் பின்னால் ஓடினார்.

"ஏன் வெங்கடம்மா அப்படிச் சொன்ன? நான் உன்ற ஊட்டக் காப்பாத்தத்தானே வந்தேன்!"

அவள் முன்னும் பின்னும் பார்த்துக்கொண்டாள். தெருவில் யாரும் இல்லை.

"அது தொவைக்கற கல்லுங்க" என்றாள். "என்ற மாமனாரு ஓடையிலிருந்து பொரட்டிக் கொண்டாந்தது. ஊருத் துணியெல்லாம் அதுலதான் தொவைச்சோம். எங்க வாசலுக்கு அப்ப யாருங்க வந்தாங்க, பாக்கறதுக்கு? நீங்க பொஸ்தகத்துல போட்ட அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க."

"தெரியுமா?" என்றார் வாத்தியார்.

"அதுவரைக்கும் ஏ வெங்கடின்னு கூப்புட்ட ஊருங்க இது. கல்லுக்கு மாலை போட வந்தப்பறந்தான் வெங்கடம்மாளுங்கன்னாங்க. எங்க சொம்புல தண்ணி வாங்கிக் குடிச்சாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. சும்மா இருந்துட்டேன்."

"சரி, இன்னைக்காச்சும் சொல்லியிருக்கலாமல்லோ?"

"என்னன்னுங்க சொல்றது? நீங்கெல்லாம் உழுந்து கும்பிட்டது உங்க அழுக்குத் துணி தொவைச்ச கல்ல, தெரிஞ்சேதான் கும்பிட உட்டோமுன்னா? நீங்க பொய் சொன்னா மறதின்னு உட்டுருவாங்க. எங்கள உடுவாங்களா?"

அவர் அவசரமாகச் சொன்னார். "நான் கலெக்டருக்கு ஒரு மனு எழுதறேன், வெங்கடம்மா. விவரமா எழுதறேன்."

"நீங்க எழுதுனது போதுமுங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவரக் கட்டலோட தூக்கித்தான் கொண்டுபோவோணும். மூணு பேரு இருக்கறாங்க, இன்னொரு ஆளு வேணும்" என்றாள். "அன்னைக்கு வாங்க."

"வாரேன்" என்றார் வாத்தியார். அவர் தலை நிமிரவில்லை.