காகத்துக்கு வைத்த சோறு

பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தபோது நிரோஜன் குசினி வாசலில் வந்து நின்றான். குளிக்கச் சொல்லி அனுப்பி எவ்வளவோ நேரம். தலை காய்ந்தபடியே கிடந்தது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில். விடிந்ததிலிருந்து நான் அடுப்போடு மாரடிப்பது யாருக்காக? இவனைப் பெற்றவளுக்காகத்தானே.

எங்கள் ஆட்களில் தாயை இழந்தவர்கள் சித்திராப் பௌர்ணமியன்று விரதம் இருந்து, காகத்துக்குச் சோறு வைத்துவிட்டு மதியம் ஒருநேரம் சாப்பிடுவார்கள். தாய் இருப்பவர்கள் அதைப் பிடிப்பதில்லை. நிரோஜன் பதின்மூன்று வயதில் தனியாக ரொறன்ரோவில் வந்து இறங்கியவன். தகப்பன் முன்பே காணாமல் போனவர். தாய் ஷெல் விழுந்து செத்துவிட்டாள் என்று சொல்லித்தான் அகதிக் கேஸ் வென்றிருந்தான். யாருமில்லாத பிள்ளைகளைப் பார்க்கும் அலுவலகம் அவனை வோபர்னில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டிருந்தது. பிள்ளையில்லாத எனக்கு, அவனுக்குச் செய்யக்கூடிய பெரிய காரியம் இந்த விரதம்தான் என்று பட்டது. அவனுடைய சோஷல் வேர்க்கர் கிளடிஸிடம் சொன்னேன். அந்த வெள்ளைக்காரி கண் கலங்கிவிட்டாள். பிள்ளை தாயை நினைத்து ஒருநாளும் அழுததில்லை, இது அவனுக்கு நல்லது, நானும் வருகிறேன் என்றாள்.

"ஏன் தம்பி இன்னும் குளிக்கேல்லை?"

"அன்ரி, உயிரோட இருக்கிற ஆளுக்கு இந்த விரதத்தைப் பிடிச்சா அவைக்கு ஏதும் நடக்குமோ?"

கத்தியைக் கீழே வைத்தேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, பூசணித் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அம்மா கொழும்பில லொட்ஜில இருக்கிறா. அம்மாவும் இல்லையெண்டு சொன்னாத்தான் திருப்பி அனுப்பமாட்டினம் எண்டு என்னை இஞ்ச அனுப்பின ஏஜென்சிக்காரர் சொன்னவர். அம்மாவுக்கு உது தெரியாது. எப்ப என்னைக் கனடாவுக்குக் கூப்பிடுவாய் எண்டு போனில கேக்கிறா."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். இருக்கிறாளே. பிறகுதான் மற்றது உறைத்தது. செத்துவிட்டாள் என்று அரசாங்கத்துக்குச் சொல்லிவிட்ட ஒருத்தியை இனி எந்தக் காலத்தில் கூப்பிடுவது? உண்மையைச் சொன்னால் இவன் பொய் சொன்னவன் என்று கேஸைத் திரும்பவும் கிளறுவார்கள். இவனையே அனுப்பினாலும் அனுப்புவார்கள். சொல்லாவிட்டால் அவள் அந்த லொட்ஜில் காத்திருந்து கிழவியாகிவிடுவாள். எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் வழியில்லை.

"ஒண்டும் நடக்காது. போய்க் குளி" என்றேன். அதுவும் எனக்குத் தெரிந்து சொன்னதல்ல.

கிளடிஸ் வெள்ளைப் பூக்களோடு வந்தாள். விரதத்தை இடையில் நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல எனக்கு வராது. நிரோஜன் ஈரத்தலையோடு திருநீறு பூசிக்கொண்டு சொன்னதையெல்லாம் செய்தான். வாழைக்காயும் பயற்றங்காயும் பாயாசமும் சோற்றோடு தட்டில் போட்டு, காகத்துக்கு வைத்துவிட்டு வா என்று பின்வளவுக்கு அனுப்பினேன். செத்தவர்கள்தான் காகமாக வந்து சாப்பிடுவார்கள் என்று போன கிழமை அவனுக்கு விளங்கப்படுத்தியதும் நான்தான்.

கிளடிஸும் நானும் யன்னலடியில் நின்றோம். சித்திரை பிறந்தும் குளிர் விட்டபாடில்லை. அவன் தட்டைப் புல்லில் வைத்தான். காகம் ஒன்று வேலியில் வந்து குந்தியது. அவன் இரண்டு கைகளையும் வீசினான். அது எழும்பி மற்றப் பக்கத்தால் வந்தது. அங்கே ஓடினான். செருப்பைக் கழற்றி எறிந்தான்.

"என்ன செய்கிறான்?" என்று கிளடிஸ் இங்கிலீசில் கேட்டாள்.

"தாயைக் கூப்பிடுகிறான்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீசில் சொன்னேன்.

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். வெளியே வேலியில் இன்னும் இரண்டு காகங்கள் வந்து சேர்ந்திருந்தன. நிரோஜன் ஒற்றைச் செருப்போடு ஈரப்புல்லில் முழங்காலில் இருந்து, தட்டின்மேல் குனிந்து, ஒரு பருக்கையும் வெளியே தெரியாதபடி சோற்றைத் தன் உடம்பால் மூடிக்கொண்டிருந்தான்.