நான்காவது போல்ட்

வேனின் தண்ணீர் பம்பை நான்கு போல்ட்டுகள் பிடித்திருந்தன. மூன்று கழன்றுவிட்டன. நான்காவதுதான் காலையிலிருந்து பெரியவரின் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

அவருடைய தங்கையின் கணவருக்குப் பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். போன முறை தவறிப்போய், முகமும் காலும் வீங்கிக் கிடந்தன. கொட்டகை வாசலில் நாற்காலி போட்டு, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார் மனிதர். தங்கை அமர்த்தியிருந்த வாடகை வண்டியைப் பெரியவர் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். சொந்த வண்டி நிற்கும்போது, வீட்டு மாப்பிள்ளை வாடகை வண்டியிலா போவது?

"அதுவும் உங்களை மாதிரிதான் மச்சான். என்ன சொன்னாலும் அசையாது," என்றார் மாப்பிள்ளை.

"பேசாம மூச்சை மிச்சம் பிடிங்க மாப்பிள்ளை."

துரு எண்ணெய் ஊற்றியாயிற்று. சுத்தியலால் தட்டியாயிற்று. கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தியும் பார்த்தாயிற்று. இம்மி நகரவில்லை.

"சின்னண்ணனைக் கூப்பிடட்டுமா? அவர்கிட்ட காஸ் டார்ச் இருக்கு," என்றாள் தங்கை.

"அவன் கை இந்த வண்டி மேல படக்கூடாது."

அந்த போல்ட்டுக்குச் சூடு ஒன்றுதான் மருந்து என்பது அவருக்குத் தெரியும். பாகம் பிரித்த வருஷம், வண்டி கிடைக்காத தம்பி வந்து பம்பைக் கழற்றிக்கொண்டு போய்விடுவான் என்ற ஆத்திரத்தில், மரையில், கழலவிடாமல் பிடிக்கும் இரும்புப் பசை தடவி முறுக்கியவரே அவர்தான். குழாயில் இருந்த பசை ஒரு போல்ட்டுக்குத்தான் போதுமாக இருந்தது.

ஸ்பானரில் நீளமான பைப்பைச் செருகி, உடம்பின் பாரம் முழுவதையும் போட்டு அழுத்தினார். டப்பென்றது. கழன்றுவிட்டது என்று ஒரு கணம் நம்பினார். கையோடு வந்தது தலை மட்டும். தண்டு எஞ்சினுக்குள்ளேயே நின்றுவிட்டது.

தங்கை அவரைக் கேட்காமலே போன் போட்டாள். தம்பி பைக்கில் வந்தபோது மணி பத்தேமுக்கால். உடைந்த தலையை விரலில் உருட்டிப் பார்த்தான்.

"பசை போட்டிருக்கு. சூடு காட்டியிருந்தா வெண்ணெய் மாதிரி வந்திருக்கும். இனிமே துளை போட்டுத்தான் எடுக்கணும், அரை நாள் வேலை. எந்த மடையன் இதைச் செஞ்சான்?"

பெரியவர் நிமிர்ந்து நின்றார். "பழைய மெக்கானிக்கா இருக்கும்."

அந்த வண்டியை அவரைத் தவிர யாரும் பழுது பார்த்ததில்லை. அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

வாடகை வண்டிக்காரன் வேறு சவாரியில் இருந்தான்; வேறு வண்டி கிடைக்காமல் பதினொன்று தாண்டிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பேசிவிட்டு வந்த தங்கை, "இடத்தை அடுத்த ஆளுக்குக் கொடுத்துட்டாங்களாம். இனி நாளை மறுநாள்தான்," என்றாள். அண்ணனைப் பார்த்துச் சொல்லவில்லை.

"அதனால என்ன, அன்னிக்கே போய்க்கலாம்," என்று மாப்பிள்ளை எழப் பார்த்தார். தம்பி குனிந்து அவர் காலில் செருப்பை மாட்டப் பார்த்தான். வீங்கின கால் நுழையவில்லை. இரண்டு பக்கமும் தாங்கி, வெறுங்காலோடு அவரை வீட்டுக்குள் அழைத்துப் போனார்கள்.

பெரியவரை யாரும் கூப்பிடவில்லை.