தாழையூரில் கை இறங்காத காலம்

தண்ணீர் தினத்தன்று தாழையூர் கிராம சபைக் கூட்டத்தில் மேலே போன வலது கைகள், கூட்டம் முடிந்த பிறகும் கீழே இறங்கவில்லை. தக்காளி அன்று கிலோ நாற்பது ரூபாய். ஒரகடம் சாலையில் வழக்கம்போல் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றன. அந்த நாளில் ஒரு விசேஷமும் இல்லை என்பதற்காகத்தான் இதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிற்பாடு விசாரிக்க வந்தவர்கள் கிரகணம் என்றார்கள், கெமிக்கல் காற்று என்றார்கள், வாய்க்கு வந்ததை எல்லாம் சொன்னார்கள். கிரகணமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. செந்தாமரை கேட்டாள், ஊர் தூக்கியது. அவ்வளவுதான்.

செந்தாமரை கேட்டால் ஊர் ஏன் தூக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. தாழையூர் ஏரிக்கரைத் தெருவில் ஆணும் பெண்ணும் கம்பெனி வேலைதான். பஸ் தெருமுனைக்கு வந்து ஹாரன் அடித்ததும் செந்தாமரை நடுத்தெருவில் நின்று, 'செகண்ட் ஷிப்ட்டு' என்று ஒரு குரல் கொடுப்பாள். சோறு தின்பவன் எச்சில் கையைத் தூக்குவான், துணி துவைப்பவள் சோப்புக் கையைத் தூக்குவாள். அவள் எண்ணி டிரைவரிடம் சொல்வாள், அத்தனை பேரும் ஏறும்வரை பஸ் நிற்கும். தூக்காதவனுக்கு பஸ் இல்லை, பஸ் இல்லாதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. இப்படிப் பல வருஷம் தூக்கித் தூக்கி, அவள் குரல் கேட்டால் கை தானாகப் போகும். புத்தி பின்னால்தான் வரும். முனிரத்தினத்தைக் கேளுங்கள், அவளைக் கட்டியவன்தான். தூக்கத்தில்கூட அவன் கை மேலே போகும் என்று தெருவே கேலி பேசும்.

அந்த பஸ்ஸை ஒரு காலத்தில் ஓட்டியவன் தாண்டவராயன். பெருமழை வருஷத்தில் செந்தாமரைக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் பென்னலூரைத் தாண்ட முடியவில்லை. இவன் கம்பெனியைக் கேட்காமல் கம்பெனி பஸ்ஸை வெள்ளத்தில் இறக்கி, ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினான். எழிலரசி உயிரோடு பிறந்தாள், இவனுக்கு வேலை போனது. அன்றிலிருந்து செந்தாமரைக்கு அவன் அண்ணன், எழிலரசிக்கு மாமன். வேலை போனவன் பழைய பஸ் ஒன்றை வாங்கி ஷிப்டுக்கு விட்டான், அது நான்கு பஸ்ஸானது, பிறகு கட்சியானது, பிறகு அவன் ஒன்றியச் சேர்மன் ஆனான். ஊர்த் தலைவர் பதவி பெண்களுக்கு என்று ஒதுக்கப்பட்டபோது மனைவி சரோஜாவை நிறுத்தினான். நாற்காலியில் அவன் உட்கார்ந்தான், பக்கத்து பிளாஸ்டிக் சேரில் சரோஜா உட்கார்ந்தாள். இரண்டு தேர்தலிலும் தொண்டை கட்ட ஓட்டுக் கேட்டவள் செந்தாமரை. ஏரிக்கரைத் தெருவுக்கு மட்டும் பட்டா கிடையாது, அதனால் என்றைக்கு இடிக்க வருவார்களோ என்று அந்தத் தெரு எப்போதும் காதைத் தீட்டிக்கொண்டே இருக்கும். வல்லக்கோட்டை முருகன் கோயில் வாசலில், தெருவே பார்க்க, தாண்டவராயன் உள்ளங்கையில் கற்பூரம் ஏற்றி அணைத்தான். "நான் கீற வரைக்கும் அந்தத் தெருவுல ஒரு செங்கல்ல எவனும் தொட முடியாது" என்றான். கற்பூரம் சுட்ட கையைச் செந்தாமரைதான் பிடித்து ஊதிவிட்டாள்.

தண்ணீர் தினக் கூட்டத்தை அவன் மதிய ஷிப்டுக்குச் சற்று முன்னால் வைத்தான். பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், சுண்டல், மோர். ஏரியின் உபரித் தண்ணீர் போகும் கால்வாயை மூடி ஒரு தனியார் கிடங்குக்குச் சாலையாகக் கொடுப்பது என்று ஒரு தீர்மானத்தை எழுத்தர் வாசித்தார். வாசித்தாரா, கொட்டாவி விட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து வெளியே பஸ் ஹாரன் கேட்டது. தாண்டவராயன் மைக்கை மூடிக்கொண்டு குனிந்து, "தாமர, பஸ்ஸு வந்துகினு கீது. ஆளக் கேட்டுடும்மா, லேட்டாயிடப் போவுது" என்றான். செந்தாமரை எழுந்து குரல் கொடுத்தாள். பந்தல் முழுக்கக் கை. செகண்ட் ஷிப்டுக்காரர்கள் பஸ்ஸுக்குத் தூக்கினார்கள், மற்றவர்கள் பழக்கத்தில் தூக்கினார்கள், சந்தேகம் வரக்கூடாது என்று அவளும் தன் கையைத் தூக்கிக் காட்டினாள். போட்டோகிராபர் நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்தார். "ஒருமனதாக நிறைவேறியது" என்று மைக் சொன்னது. ஓகோ என்று அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. கையை இறக்கப் போனார்கள், இறங்கவில்லை.

முதலில் ஒருவர் கையை ஒருவர் பிடித்து இழுத்தார்கள். பிறகு எண்ணெய், ஒத்தடம், கட்டு. கம்பெனி டாக்டர் நரம்பு என்றார், ஊசி போட்டார். ஊசி போட்ட இடம்தான் வீங்கியது. முருகனுக்கு அலகு குத்துவதாக வேண்டிக்கொண்டவர்கள், குத்தி முடித்து, தூக்கிய கையோடே திரும்பி வந்தார்கள். மனிதன் எதற்குத்தான் பழகமாட்டான்? மாதம் திரும்புவதற்குள் ஊர் பழகிவிட்டது. டெய்லர் டில்லிபாபு வலது தோளை மேல்நோக்கி வெட்டித் தைக்கக் கற்றுக்கொண்டார், கூலி அதேதான். கல்யாணத்தில் மாப்பிள்ளை இடது கையால் தாலியை நீட்ட, நாத்தனார் மூன்று முடிச்சும் போட்டாள். சாலையோரம் இவர்கள் நின்றால் ஷேர் ஆட்டோக்கள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. ஏமாந்து ஏமாந்து கடைசியில் ஆட்டோக்காரர்கள் தாழையூர் ஸ்டாப்பில் எவனுக்கும் நிற்காமல் போனார்கள். கார் கம்பெனிகள்தான் சந்தோஷப்பட்டன. கார் தலைக்கு மேலே நகர, அண்ணாந்து அடிப்பக்க போல்ட் முடுக்கும் லைனில், தாழையூர்க்காரர்களுக்குத் தோள் வலிப்பதில்லை என்று கண்டுபிடித்து மொத்தமாக அங்கே மாற்றினார்கள். முனிரத்தினத்துக்குச் சிறந்த ஊழியர் கேடயம் கிடைத்தது. இடது கையால் வாங்கினான்.

தாண்டவராயனுக்கு இது கண்கூடான வரம். அதற்குப் பிறகு அவன் எதற்கும் எவரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் கேட்டான், அதுதான் அவன் சாமர்த்தியம். பள்ளிக்கூட மைதானத்தை லாரி நிறுத்த விடலாமா? கை மேலேதான் இருந்தது. மேட்டுத் தெருவின் குடிதண்ணீர்க் குழாயைக் கிடங்குக்குத் திருப்பலாமா? மேலேதான். வேண்டாம் என்று வாயால் கத்தியவர்களும் உண்டு. சத்தத்தை எண்ண விதி இல்லை, கையை எண்ணத்தான் விதி என்று எழுத்தர் சொன்னார். சேர்மன் யாரிடமும் கடுகடுத்ததில்லை. சாவு வீட்டுக்கு முதல் ஆளாக வந்து நின்றான், காது குத்துக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவந்தான். கை வலிக்கிறதா என்று கேட்டு, தோளுக்கு முட்டுக் கொடுக்கும் இரும்புத் தாங்கி ஒன்றை வீட்டுக்கு வீடு இலவசமாகக் கொடுத்தான், அதில் அவன் சிரித்த முகம் ஒட்டியிருந்தது. எதிர்ப்பே இல்லாத ஊரைப் பார்க்க மற்ற மாவட்டங்களிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். தூக்கிய கைகளின் போட்டோ குன்றத்தூர் வரைக்கும் பேனராகத் தொங்கியது. நடுவில், வாய் திறந்து குரல் கொடுத்தபடி, செந்தாமரை.

இத்தனைக்கும் அவள் அவனை விட்டுக்கொடுக்கவில்லை. தெரு அவளைக் கரித்துக் கொட்டியபோது, "அண்ணன் தெரிஞ்சி பண்ணியிருக்காது, யாரோ கூட இருக்கிறவன் பண்ண வேல" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அடுத்த வருஷம் ஐப்பசியில், உள்ளாட்சி தினக் கூட்டத்துக்கு வரப்போகும் தீர்மானம் முன்கூட்டியே பஞ்சாயத்து போர்டில் ஒட்டப்பட்டது. ஏரிக்கரைத் தெருவாசிகள் தங்கள் வீடுகளைத் தாமாக முன்வந்து ஒப்படைத்துவிட்டு, குன்றத்தூருக்கு அந்தண்டை இருக்கும் எட்டு மாடிக் கட்டடத்துக்குப் போகச் சம்மதிக்கிறார்கள். எழிலரசிதான் படித்துச் சொன்னாள். செந்தாமரை சேலையைக்கூட மாற்றாமல் சேர்மன் வீட்டுக்குப் போனாள்.

சரோஜா காப்பி கொடுத்தாள். "எனக்கு இன்னா தெரியும் தாமர, அவரு காட்ற எடத்துல உக்காருவேன், காட்ற எடத்துல கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். தாண்டவராயன் வந்து, "வாம்மா, புள்ள எப்படிப் படிக்குது?" என்றான்.

"முருகன் கோயில்ல இன்னாண்ணே சொன்னீங்க?"

"சொன்னேன். இல்லன்னு சொல்லலியே. ஆனா ஊரே கை தூக்கினு நிக்கும்போது நான் ஒருத்தன் இன்னாம்மா பண்ண முடியும்?"

"அது பஸ்ஸுக்குத் தூக்குனதுண்ணே. உங்களுக்கே தெரியும்."

அவன் அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிரியமாகத்தான் சொன்னான்: "நானா தூக்கச் சொன்னேன்? நீதான தாமர கேட்ட."

அந்த இடத்தில் அவளுக்குள் ஏதோ அறுந்தது. அடித்திருந்தால் தாங்கியிருப்பாள், அசலூர்க்காரன் சொல்லியிருந்தால் காறித் துப்பிவிட்டு வந்திருப்பாள். தன் பிள்ளையை வெள்ளத்தில் காப்பாற்றியவன், அவளுடைய குரலையே எடுத்து அவள் கழுத்தை அறுத்திருக்கிறான், அதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறான். காப்பியைக் குடிக்காமல் வந்தாள். வழியெல்லாம், தெரிந்தேதான் செய்தான், தெரிந்தேதான் செய்தான் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்ததைப் பால்காரர் பார்த்திருக்கிறார்.

ஆனால் அழுதுகொண்டு உட்காரும் ஜாதி இல்லை அவள். வீடு வீடாக ஏறினாள். யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்திருந்தது. தீர்மானத்தை ஆதரிப்பவர்களைத்தான் அவன் கை தூக்கச் சொல்கிறான், எதிர்ப்பவர்களை ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டால் என்ன ஆகும்? இதே கைதானே மேலே இருக்கும். "அவன் எண்ணட்டும், அப்புறம் நாம எண்ணச் சொல்லுவோம். ரெண்டும் சமம்னா தீர்மானம் எப்படிச் செல்லும்?" ஏரிக்கரைத் தெருவுக்கு உயிர் வந்தது. அட, இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று அவளைத் திட்டியவர்களே அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். முனிரத்தினம் அத்தனை மாதத்துக்குப் பிறகு மனைவியைப் பார்த்துச் சிரித்தான்.

உள்ளாட்சி தினத்தன்று தூறல் போட்டது. பார்வையாளராக ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார், புதிதாக வேலைக்கு வந்தவர், நியாயமானவர். தீர்மானம் வாசிக்கப்பட்டது, கைகள் மேலே இருந்தன, "ஒருமனதாக" என்று தாண்டவராயன் வாயெடுக்கும்போது செந்தாமரை எழுந்தாள். "மேடம், எதிர்க்கிறவங்க யாருன்னும் கேக்கணும் இல்ல? விதி அதான?" விதி அதுதான் என்று அதிகாரி ஒப்புக்கொண்டார். தாண்டவராயன் முகம் முதல்முறையாக வெளிறியதை எல்லோரும் பார்த்தார்கள். அவனுக்கும் என்ன நடக்கும் என்று தெரியாது. இதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதிகாரி மைக்கை வாங்கி, "தீர்மானத்தை எதிர்ப்பவர்கள் கையை உயர்த்தலாம்" என்றார்.

கைகள் இறங்கின. கொடியில் காய்ந்த துணி கயிறு அறுந்து விழுவதுபோல, பந்தல் முழுக்க ஒரே நேரத்தில், பொத்தென்று. இருபது மாதமாக எண்ணெய்க்கும் ஊசிக்கும் அலகுக்கும் இறங்காத கைகள், அந்தக் கேள்விக்கு இறங்கின. அதைவிடக் கொடுமை, அது அவ்வளவு சுகமாக இருந்தது. விரல் நுனி வரைக்கும் ரத்தம் ஓடியது. ஒருவர் முதுகைச் சொறிந்துகொண்டு கண்ணை மூடினார். தாய்மார்கள் பிள்ளைகளை இரண்டு கையாலும் தூக்கி அணைத்தார்கள். முனிரத்தினம் மடியில் கிடந்த தன் உள்ளங்கையைப் பார்த்து விம்மினான். என்ன கேட்டார்கள் என்பதே கொஞ்ச நேரம் யாருக்கும் நினைவில்லை. செந்தாமரைக்கும் அப்படித்தான், அந்தச் சுகத்தில் அவளும் ஒரு கணம் கண்ணை மூடிவிட்டாள். திறந்தபோது அதிகாரி பந்தலை எண்ணிக்கொண்டிருந்தார். தூக்குங்கடி, தூக்குங்கடா என்று கத்தினாள். கத்திக்கொண்டே தன் கையைத் தூக்கினாள். அது மணல் மூட்டையாகக் கனத்தது. இடது கையால் முழங்கையைப் பிடித்து மேலே தள்ளினாள், தோள் வரைக்கும்கூட வரவில்லை. அதிகாரி இரண்டு முறை கேட்டார், மூன்றாவது முறையும் கேட்டார், நியாயமானவர்தான். பிறகு எதிர்ப்பு இல்லை என்று பதிவு செய்துவிட்டு, குடை பிடித்தபடி ஜீப்பில் ஏறினார்.

கார்த்திகையில் ஜேசிபி வந்தது. தெருவை இடித்து முடிக்க ஒரு பகல் பிடித்தது, அந்த இடத்தில் கிடங்கின் புதுக் கட்டடம் எழும்ப ஒரு வருஷம். தாண்டவராயன் சாமான் ஏற்ற தன் பஸ்களையே இலவசமாக அனுப்பிவைத்தான். எட்டு மாடிக் கட்டடத்தில் செந்தாமரைக்கு ஆறாவது மாடி, லிப்ட் பாதி நாள் ஓடாது. அந்தக் கைகள் பிறகு இடுப்புக்கு மேலே எழவில்லை. கார் கம்பெனி அவர்களை அண்ணாந்து முடுக்கும் லைனிலிருந்து எடுத்து, மேஜை மட்டத்தில் டப்பா மடிக்கும் இடத்தில் போட்டது. வீடுகளில் அலமாரியைத் தாழ்த்தி அடித்துக்கொண்டார்கள். எழிலரசி தரையில் உட்கார, செந்தாமரை ஸ்டூலில் இருந்து தலை வாரிவிட்டாள். டில்லிபாபு பழையபடி சட்டை தைத்தார்.

தாண்டவராயன் இப்போது மாவட்ட அளவில் பெரிய ஆள். எட்டு மாடிக்காரர்களின் ஓட்டு இன்னும் தாழையூரில்தான் இருப்பதால், கூட்டத்துக்கு அவனே வண்டி அனுப்புகிறான். ஆதரிப்பவர்களை அவன் இப்போதெல்லாம் கேட்பதே இல்லை. எதிர்ப்பவர்களை மட்டும் கேட்கிறான், விதியை மதிக்கும் தலைவன் என்று பேப்பரில் எழுதுகிறார்கள். போன கூட்டத்துக்கும் செந்தாமரை போயிருந்தாள். மீதி ஏரியையும் கொடுப்பது பற்றித் தீர்மானம். "எதிர்க்கிறவங்க தாராளமா கை தூக்கலாம்" என்றான், அவளைப் பார்த்தே சொன்னான். அவள் முயற்சி செய்தாள், எப்போதும் செய்வாள். கை மடியை விட்டு எழுந்து, இடுப்பளவில் வந்து நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் சுண்டல் வாங்கத்தான் நீட்டுகிறாள் என்று நினைத்து ஒரு பொட்டலத்தை அதில் வைத்தார்கள். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சுண்டலில் உப்பு கொஞ்சம் குறைச்சல்.