கண்டனமும் ஒரு கிண்ணம் பீன்ஸ் சூப்பும்

ஜனாதிபதியைக் கண்டிக்க வேண்டும். ஆனால் கண்டித்துவிடக் கூடாது. இந்த வித்தைக்குத்தான் நார்பர்ட்டுக்குச் சம்பளம். செனட்டர் மார்லிஸ் அம்மையாரின் வலது கை அவன். அம்மையாரின் மாநிலமான வடக்கு டகோட்டாவில் வெள்ளம் வந்து சனம் கூரைமேல் உட்கார்ந்திருந்தபோது, மீட்பு ஹெலிகாப்டரில் தன் கூட்டாளிகளைக் கோல்ஃப் ஆட ஏற்றிக்கொண்டு போன புண்ணியவான் அந்த ஜனாதிபதி. போதாததற்கு மார்லிஸின் சொந்தக் கட்சிக்காரர். நவம்பரில் தேர்தல். கண்டிக்காவிட்டால் ஊர்க்காரன் ஓட்டுப் போடமாட்டான்; கண்டித்தால் கட்சிக்காரன் போடமாட்டான். சீட்டு போனால் மார்லிஸோடு நார்பர்ட்டும் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

"ரொம்ப சிம்பிள், செனட்டர்," என்றான் நார்பர்ட். "ஒருமித்த சம்மதத்தோட கண்டனத்தை நிறைவேத்தணும்னு நீங்க கேக்குறீங்க. ஒரே ஒருத்தர் ஆட்சேபிச்சாப் போதும், செத்துப்போயிடும். நம்ம கட்சி செனட்டர் டேக்கட் பெரியவர்கிட்ட ஆட்சேபிக்கச் சொல்லி வெச்சாச்சு. நீங்க பேசுற வீடியோ ஊருக்கு, செத்த தீர்மானம் கட்சிக்கு."

"வெள்ளை மாளிகைக்கு?"

"சொல்லிட்டேன். நல்லாத் திட்டச் சொல்லு, அப்பத்தான் நம்புவாங்கன்னாங்க."

"அடப்பாவி! நாள் குறிச்சுத் திட்டுறதை இப்பத்தான் பாக்குறேன்."

எதிர்க்கட்சிக்கும் இந்தக் கண்டனம் பிடிக்கவில்லை. அவர்களுக்கு ஜனாதிபதியின் பதவியே போக வேண்டும். தலையில் செல்லமாக ஒரு குட்டு விழுந்தால், 'அதான் தண்டிச்சாச்சே' என்று எல்லாரும் கையைக் கழுவிவிடுவார்கள். அதனால் ஆட்சேபிக்க அவர்களும் தங்கள் செனட்டர் அம்மாள் ஒருத்தியை உட்கார வைத்திருந்தார்கள். ஆனால் டேக்கட் சங்கதி கசிந்துவிட்டது. காப்பாற்றிய பழி அந்தக் கிழவன் தலையிலேயே விடியட்டும் என்று அம்மாள் வாயை மூடிக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு என்று ஏற்பாடு. நடுவில் ஒரு மகானுபாவர் எழுந்து மக்காச்சோளத்தைப் பற்றி ஒன்றரை மணி நேரம் அறுத்ததில் ஒரு மணி ஆகிவிட்டது. டேக்கட்டோ நாற்பது வருஷமாக ஒரு மணிக்கு செனட் சாப்பாட்டு அறையில் பீன்ஸ் சூப் குடிப்பவர். யுத்தமே வந்தாலும் குடித்துவிட்டுத்தான் வருவார்.

மார்லிஸ் எழுந்து கேட்டார். தலைமை நாற்காலியில் இருந்த புது செனட்டர் காகிதத்தைப் பார்த்து வாசித்தார்: "ஆட்சேபணை உண்டா?"

பின்வரிசையில் இருந்த நார்பர்ட் டேக்கட்டின் இருக்கையைப் பார்த்தான். காலி. கத்தலாமென்றால் ஊழியன் அங்கே தும்மக்கூடக் கூடாது.

"ஆட்சேபணை இல்லை. தீர்மானம் நிறைவேறியது."

நார்பர்ட் குனிந்தபடி ஓடி மார்லிஸின் காதில் ஓதினான். அவர் மறுபடி எழுந்து, சற்றுமுன் நடந்ததை ரத்து செய்ய ஒருமித்த சம்மதம் கேட்டார்.

"ஆட்சேபணை உண்டா?"

கதவு படீரென்று திறந்தது. சட்டைக் காலரில் கைத்துண்டு, மீசையில் சூப்.

"ஆட்சேபிக்கிறேன்! பலமாக ஆட்சேபிக்கிறேன்!" என்று முழங்கினார் டேக்கட். பிறகு மூச்சு வாங்க நார்பர்ட் பக்கம் சாய்ந்து, "கரெக்டா வந்துட்டேன் பாத்தியா தம்பி?" என்றார்.

அவர் ஆட்சேபித்ததில் செத்தது ரத்துதான்; கண்டனம் கல்வெட்டாகிவிட்டது.

அலுவலகத்தில் எல்லாத் தொலைபேசிகளும் அலறின. மார்லிஸ் அந்தத் தீர்மானத்தை அப்போதுதான் நிதானமாகப் படித்தார்.

"நீ எழுதினதுதானே? லார்சன் குடும்பம் கைக்குழந்தையோட பதினோரு மணி நேரம் கூரைமேல இருந்துச்சுன்னு போட்டிருக்கே. நிஜமா?"

"நிஜம்தான். நானே பேசி விசாரிச்சேன்."

"அப்புறம் எதுக்குடா இதைச் சாகடிக்க ஒன்றரை மாசம் மாடா உழைச்சோம்?"

நார்பர்ட்டுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. "சீட்டு, மேடம்..."

"கூரைமேல உக்காந்தவங்க முடிவு பண்ணட்டும்."

வாசல் மேசையில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள். "வெள்ளை மாளிகை லைன்ல இருக்காங்க. ரொம்பக் கோவமா இருக்காங்க."

"நான் சூப் குடிச்சிட்டிருக்கேன்னு சொல்லு," என்றார் மார்லிஸ். "நார்பர்ட், லார்சன் வீட்டு நம்பரைப் போடு."