கைலர் துரையின் கால்சட்டை

1

இந்தக் கதை பிறந்த விதத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். 2008இல், குறிஞ்சிப்பாடியில் ஒரு டீக்கடையில், பொழுது போகாமல் நான் ஒரு பொய் சொன்னேன். மூன்று வருடத்தில் அந்தப் பொய் முனைவர் பட்டம் வாங்கும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. நான் இன்னும் எம்.ஏ.வில் இரண்டு பேப்பர் பாக்கி வைத்திருக்கிறேன்.

(முதலில் எழுதிய தொடக்கம்: “சொற்கள் பறவைகள். அவை கடல்களைக் கடந்து...” அடித்துவிட்டேன். நான் எழுதவேண்டியது இடுப்பில் கட்டும் துணியைப் பற்றி.)

(இரண்டாவது தொடக்கம்: “ராஜவேல் நல்லவன்.” உண்மைதான். ஆனால் அதற்கு அடுத்த வாக்கியம் என்னைப் பற்றி வரவேண்டியிருந்ததால் நிறுத்திக்கொண்டேன்.)

2

ராஜவேல் என் அறைத்தோழன். சிதம்பரத்தில் மொழியியல் ஆய்வு மாணவன். நெசவுச் சொற்கள் எங்கே பிறந்தன, எப்படி ஊர் சுற்றின என்பது அவன் ஆராய்ச்சி. ராத்திரி பவர் கட்டானால் விசிறிக்கொண்டே எனக்குச் சொல்வான். லுங்கி பாரசீகத்தில் கிளம்பி உருது வழியாக நம்மிடம் வந்ததாம். பர்மாவில் அது லோன்ஜி. மலாய்க்காரர்களின் சாரோங் நம் கடற்கரையில் சாரம் ஆனது. மலாயில் அதற்கு உறை என்று பொருளாம். கோடு போட்ட துணிக்கு மலாயில் இருந்த பெயரை டச்சுக்காரர்கள் கப்பலில் ஏற்ற, ஆங்கிலத்தில் இறங்கும்போது அது கிங்காம்.

“எல்லாத்துக்கும் பாஸ்போர்ட் கெடைச்சிடுச்சு மச்சான். இந்தக் கைலிக்குத்தான் கெடைக்கல” என்பான். அவன் புரட்டிய அகராதிகள் ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் இயல் முழுக்கக் கைலிக்காகக் காலியாகக் கிடந்தது.

3

கள ஆய்வுக்கு ரெக்கார்டர் தூக்க என்னை அழைத்துப்போனான். அவன் ஒரு வீட்டுக்குள் தறிச் சத்தத்தோடு மல்லுக்கட்ட, நான் டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் பொன்னுரங்கம். எட்டுத் தறி போட்டு லுங்கி நெய்பவர்.

“ஏந்தம்பி, அந்தத் தம்பி எங்கேருந்து வந்துச்சு, எங்கேருந்து வந்துச்சுன்னு உசுர எடுக்குதே. கைலி இடுப்புல நிக்குதா? அதான வேணும்?”

“அப்பிடி இல்லீங்க மாமா. அதுக்கு ஒரு வரலாறு இருக்கு” என்றேன். இருக்கவில்லை. எதிரே பாய்லர் கொதித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே ‘கைலர்’ என்று ஒரு டச்சு துரையைப் பெற்றெடுத்தேன். தேவனாம்பட்டினத்துக் கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். கெடிலம் ஆற்றில் குளிக்கும்போது கால்சட்டை வெள்ளத்தோடு போய்விட்டது. கரையில் காய்ந்த கட்டம் போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். காற்று பிடித்துப்போய், சாகும்வரை கால்சட்டைக்குத் திரும்பவில்லை. அவர் பேரே துணிக்கு நின்றுவிட்டது.

பொன்னுரங்கம் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

“பாவம், புள்ளகுட்டி இருந்துச்சா அவுருக்கு?”

“ரெண்டு பொண்ணு” என்றேன்.

4

படிப்பை முடிக்காதவர்கள் சிதம்பரத்தில் மற்றவர்களின் ஆய்வேட்டைத் தட்டச்சு செய்வது வழக்கம். நான் மேலவீதியில் ஒரு டி.டி.பி. கடையில் சேர்ந்தேன். 2011 தொடக்கத்தில் ராஜவேலின் நாலாம் இயல் என் மேசைக்கு வந்தது.

‘கைலர் வாய்மொழி மரபு. தகவலாளர்: பொன்னுரங்கம், வயது 61. தம் பாட்டனாரிடம் கேட்டதாகக் கூறுகிறார்.’

ராஜவேல் தனியாக மறுபடி குறிஞ்சிப்பாடிக்குப் போயிருக்கிறான். வீடு தேடி வந்த பிள்ளையை வெறுங்கையோடு அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை. நாற்பது பக்கம். துரைக்கு இப்போது ஒரு குதிரையும் இருந்தது. மூத்த பெண்ணுக்குப் புதுச்சேரியில் சம்பந்தம்.

உடனே போன் போட்டேன்.

“மச்சான், அந்த நாலாம் இயலு...”

“எப்டிடா இருக்கு? கைடு படிச்சிட்டுக் கண்ணு கலங்கிட்டாருடா!”

“இல்ல, அதுல ஒரு...”

“ஸ்பெல்லிங்கா? நீயே பாத்துப் போட்டுடு மச்சான்.”

பார்த்துப் போட்டேன். (இங்கே என் மனப்போராட்டத்தை ஒரு பக்கம் எழுதியிருந்தேன். உண்மையில் அது ஒரு டீ குடிக்கும் நேரம்தான் இருந்தது. எடுத்துவிட்டேன்.)

5

வாய்மொழித் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை கடலூரில் ஒரு கல்லூரியில் ராஜவேலுக்கு நேர்காணல். பட்டம் இல்லாமல் வராதே என்று சொல்லியிருந்தார்கள். முதுநகரில், அவன் கட்டிக்கொள்ளப்போகும் வெண்மதி வீட்டிலும் ஏறக்குறைய அதையேதான் சொல்லியிருந்தார்கள். ‘முனைவர் ராஜவேல்’ என்று கல்யாணப் பத்திரிகைக்குப் புரூஃப் எடுத்துக் கொடுத்தவன் நான்தான்.

தெரியாதவர்களுக்குச் சொல்லவேண்டும். இந்தத் தேர்வில் வந்திருப்பவர் யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம். அதனால் விவரமானவர்கள் யாரும் வாய்ப்பை வெளியாருக்கு விடுவதில்லை. பதில் தெரிந்த கேள்விகளைச் சீட்டில் எழுதி, மிக்சர் பொட்டலத்தோடு நண்பர்களுக்குக் கொடுத்துவிடுவார்கள். எனக்கு வந்த சீட்டு:

‘கைலர் மரபை எவ்வாறு கண்டறிந்தீர்கள்?’

வராந்தாவில் பொன்னுரங்கம் நின்றிருந்தார். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி. ராஜவேல் தேர்வுக்கும் பத்திரிகை வைத்து அழைத்திருக்கிறான்.

“ஒன்னிய மறப்பனா தம்பி?” என்று என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். “பொய்யின்னு அன்னிக்கே தெரியும். கெடிலத்துல எந்த மாசத்துல வெள்ளம்னு சொல்லாம மழுப்புன பாரு, அங்கியே புடிச்சிட்டன்.”

“அப்புறம் ஏன் மாமா தாத்தா சொன்னதுன்னீங்க?”

“டீக்கடையில ஒரு பையன் சொன்னான்னா அந்தப் புள்ள எழுதிக்குமா? மூஞ்சி வாடிப் போயி வந்து நிக்குது.” கொஞ்சம் தயங்கினார். “இப்ப எங்க தாத்தா பேரு புஸ்தகத்துல ஏறிடுச்சி. பங்காளிங்க ரெண்டு வேன்ல வந்திருக்காங்க. நீ ஏதும் வாயத் தொறந்துடாத.”

“குதிரை?”

“குதிர என்னுது” என்றார் பெருமையாக.

6

முடிவுகள்.

அ) எழுந்து உண்மையைச் சொல்கிறேன். நாலாம் இயல் போகிறது. பட்டம், திங்கட்கிழமை, பத்திரிகை எல்லாம் வரிசையாகப் போகின்றன. இரண்டு வேன் ஆட்கள் என்னைத் தேடுகிறார்கள். நேர்மையான முடிவு. இதை எழுதிவிட்டு எழுந்துபோய்க் கதவைத் தாழிட்டேன்.

ஆ) சீட்டில் உள்ளதைக் கேட்கிறேன். கைதட்டல். பத்து வருடம் கழித்து, நூலகத்தில் ஒரு பெண் அந்த நாற்பது பக்கத்தை நம்பி, தன் நாலாம் இயலை...

இ) பேசாமல் உட்கார்ந்திருக்கிறேன். இதைத்தான் மூன்று வருடமாகச் செய்துவருகிறேன். கதை முடிவதாகத் தெரியவில்லை.

7

“அவையிலிருந்து ஏதேனும் வினா?” என்கிறார் கைடு. வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முதல் வரிசையில் பொன்னுரங்கம் கழுத்தைத் திருப்பி என்னையே பார்க்கிறார். மேடையில் ராஜவேல் வியர்த்துப்போய், என்னைக் கண்டதும் தைரியம் வந்தவனாகச் சிரிக்கிறான். மைக் கைமாறிக் கைமாறி, ஆன் செய்தபடியே என்னிடம் வந்துவிட்டது. என் மூச்சு ஹால் முழுக்கக் கேட்கிறது.

பக்கத்து நாற்காலியில் யார் என்று பார்க்கிறேன். இவ்வளவு நேரம் உட்கார்ந்து கேட்டது நீங்கள்தானே. நடந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும்.

இந்தாங்க, மைக். கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பேசுங்கள், இரையும்.