கப்பலில் அனுப்பிவைத்த அண்ணன்

...இரண்டு நிமிடம் நாற்பது விநாடி, அவ்வளவு நேரம் ஒரு சிறுமி கல்லறைக்கு முன்னால் குந்தியிருந்து வாயை அசைத்துக்கொண்டே இருந்தால் அந்த வாய்க்குள் எதைப் போடுவது, மழையைப் பற்றியா, பள்ளிக்கூடப் பரீட்சையைப் பற்றியா... குகதாசன் வீடியோ நாடாவைப் பின்னுக்கு ஓட்டினான், சிறுமி பின்புறமாகவே எழுந்து பின்புறமாகவே படியிறங்கிப் போனாள், முன்னுக்கு விட்டான், வந்து குந்தினாள், கறுப்பு உடுத்த தாயும் தகப்பனும் பின்னால், மொட்டைத்தலைப் பிக்கு பக்கத்தில், நடுவில் ஊதுவத்திப் புகை, அதைக் கப்பல் புகை என்று சொன்னால் உலகத்தில் எந்தக் குழந்தை நம்பும்? மணி பத்து ஐம்பது. பன்னிரண்டுக்குள் வசனம் லிஸ்பனுக்குப் பேக்ஸில் போய்ச் சேர வேண்டும், பதினொன்றரைக்கு அண்ணி போன் எடுப்பார், இரண்டும் ஒரே நாளில்தான் வந்து தொலைய வேண்டுமா, ஒன்று நேற்று வந்திருக்கலாம், இல்லை, இரண்டுமே வராமல் இருந்திருக்கலாம். அவன் தேத்தண்ணீரைக் குடித்தான். அது ஆறிப்போயிருந்தது.

டெரிக்மேல் பிழை சொல்ல முடியாது. நல்ல மனிதன், இந்த லண்டன் சோஹோ கட்டடத்தின் நாலாம் மாடியில் ஜன்னலில்லாத அறையில் பத்து வருடமாக அவனுக்கு வேலை கொடுத்து வைத்திருக்கும் மனிதன். ஜப்பான் நாடா ஐரோப்பியப் பெட்டியில் ஓடாது, அதை மாற்றிக் கொடுப்பதுதான் இங்கே தொழில், பேச்சை ஒரு தடத்திலும் பாட்டையும் காற்றையும் கதவுச் சத்தத்தையும் இன்னொரு தடத்திலும் பிரித்துக் கொடுத்தால் போர்த்துக்கல்காரர் பேச்சை எடுத்தெறிந்துவிட்டுத் தங்கள் பேச்சை வைத்துக்கொள்வார்கள். ஆனால் இந்தச் சிறுவர் தொடருக்குத் தோக்கியோவிலிருந்து வசனப் பிரதி வரவேயில்லை, மலிவாக வாங்கிய சரக்கு, கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய் ஒருநாள் டெரிக் வந்து, குகா, நீ ஜப்பானில் இருந்தாய்தானே என்றான். இருந்தான், இல்லையென்று எப்படிச் சொல்வது, கொழும்பில் தொலைக்காட்சி தொடங்கியபோது ஜப்பான்காரர் கொடுத்த இயந்திரங்களைப் பழகிக்கொண்டு வரச் சொல்லி ஆறு மாதம் அனுப்பினார்கள், வணக்கமும் நன்றியும் சோறும் தண்ணீரும் இந்தப் பொத்தானை அமத்தாதே என்பதும் அவனுக்கு ஜப்பானிய மொழியில் தெரியும். அதை வைத்துக்கொண்டு எவனாவது ஐம்பத்திரண்டு கிழமைக்குக் கதை எழுதுவானா? எழுதினான். படத்தைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மீன்பிடி ஊர், மிச்சி என்றொரு பத்து வயதுப் பெண், தகப்பன் கோபக்காரன், தாய் வாய் பேசாதவள், மிச்சத்தை இவன் ஆங்கிலத்தில் எழுதி விட்டான், லிஸ்பனில் மூன்று ஆணும் இரண்டு பெண்ணுமாக ஐந்து பேர் அந்த ஊர் முழுவதற்கும் குரல் கொடுத்து அதைப் போர்த்துக்கேயத்தில் பேசினார்கள். வெட்கம்கெட்ட வேலைதான். ஆனால் வாய் மூடும் இடத்தில் அவன் வசனமும் மூடியது, ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, கேட்காததால் அவனுக்கும் இது பொய் என்பது மெல்ல மெல்ல மறந்துபோயிற்று.

மிச்சி வீட்டிலிருந்த, கதவு வைத்த சின்ன மர அலுமாரிதான் அவனைக் கவிழ்த்தது. ஒவ்வொரு கிழமையும் கடைசியில் மிச்சி அதற்கு முன்னால் போய் உட்காருவாள், உள்ளே ஒரு இளைஞனின் படம், ஒரு சின்ன மணியைத் தட்டுவாள், பிறகு பேசுவாள். அது அவளுடைய அண்ணன், தூரக் கடலில் கப்பலில் வேலை, அன்றன்றைய புதினத்தை அவனுக்குச் சொல்கிறாள், வரும்போது எனக்குச் சங்கு கொண்டு வா என்கிறாள்... இப்படித்தான் முதல் கிழமையே எழுதினான், எவ்வளவு வடிவாக எழுதினான். ஆனால் குகதாசா, உண்மையைச் சொல், அந்த அலுமாரி என்னவென்று உனக்குத் தெரியாதா? தோக்கியோவில் நீ வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மாவிடம் அப்படியொன்று இருந்ததே, காலையில் சோறு வடித்தவுடன் முதற் கோப்பையை அதற்குள் இருந்த, செத்துப்போன புருஷனின் படத்துக்கு வைப்பாளே, நீயும் அறியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாயே. தெரியும். முதல் நாளே தெரியும். தெரிந்துகொண்டுதான் கப்பலில் ஏற்றினான். ஒரு நிமிடத்தில் செய்த வேலை, விரல் தானாக எழுதிற்று, செத்தவன் என்று எழுதப் போன விரல் கப்பல் என்று எழுதிற்று, அன்றைக்கு அவனுக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது.

அண்ணிக்கும் அப்படித்தான் சொன்னான். திட்டமிட்டுச் சொன்னதில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஹைகேற் முருகன் கோயிலில், அண்ணியும் அவனும் அவன் மனைவி லலிதாவும் அர்ச்சனைக்கு நிற்கிறார்கள், ஐயர் பெயர் நட்சத்திரம் கேட்கிறார், அண்ணி வழமைபோல, கொழும்பில் காணாமற்போன அண்ணையின் பெயரை, பாலேந்திரா, பூரட்டாதி என்று சொல்லிக்கொண்டு வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார், நிறுத்திவிட்டுத் தட்டத்தையே பார்த்தார். அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்குமா? வெளியே வந்து செருப்பைத் தேடும்போது, அண்ணி, ஒரு கதை கேள்விப்பட்டனான், தெற்கிலை ஒரு மறியலிலை அண்ணையைப் போல ஒருத்தரைக் கண்டதாம் எண்டு ஒரு ஆள் சொல்லுது என்று வாயிலிருந்து வந்துவிட்டது. விழுந்ததை அள்ள முடியுமா, அடுத்த மாதம் அண்ணி லூயிஷாமிலிருந்து பஸ் ஏறி அவன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது மிச்சக் கதை வேண்டியிருந்தது. மெலிந்து போனாராம். சிறைக்குள்ளே சின்னப் பெடியளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறாராம். காலில் காயமாம், பிறகு காயம் மாறிவிட்டதாம், மாற்றியதும் இவன்தான், அண்ணி அன்றைக்குச் சாப்பிடாமல் எழுந்து போனதால் அடுத்த மாதமே மாற்றிவிட்டான். லலிதா ஒருநாள் அடுப்படியில் வைத்து, இது நல்லதுக்கில்லை, நான் சொல்லிப்போட்டன் என்றாள், அவள்மேல் எரிந்து விழுந்தான். முந்தநாள் விமான டிக்கெட் விற்கும் கனகலிங்கத்தார் வழியில் மறித்து, உம்மடை அண்ணி கொழும்புக்குச் சீட் போட்டிட்டா, தெரியுமோ, ஆடி மாசம் என்கிறார். நேற்று அண்ணியே போன் எடுத்து, தம்பி, நாளைக்குப் பள்ளிக்கூடச் சமையலறையிலை இருந்து பதினொண்டரைக்கு எடுக்கிறன், உம்மட்டை ஒண்டு கேக்கவேணும் என்றார். வேறென்ன கேட்பார்? கண்ட ஆளின் பெயர் கேட்பார். விலாசம் கேட்பார். அதை எடுத்துக்கொண்டு அந்த மனுசி தனியாக மறியல் மறியலாகப் படியேறப் போகிறார், வாசலில் நிற்கும் ஆமிக்காரனிடம் புருஷனின் படத்தை நீட்டப் போகிறார், இல்லாத மனிதனைக் கண்ட இல்லாத மனிதனைத் தேடி... அவரையே பிடித்து உள்ளே போட்டால்? கடவுளே, என்ன செய்து வைத்திருக்கிறேன். கஸ்பர். ஓம், கண்ட ஆளைக் கஸ்பர் என்று வைப்போம், மன்னார்ப் பக்கம், வேதக்காரர், அண்ணிக்கு அந்தப் பக்கத்தில் ஒருவரையும் தெரியாது, விசாரிக்க முடியாது. கருவாட்டு வியாபாரி. பொலிஸ் பிடித்து ஒன்றரை வருடம் வைத்திருந்துவிட்டு விட்டது, இப்போது இந்தியாவுக்குப் போய்விட்டார், விலாசமில்லை. கட்டையான ஆள், பேசும்போது முகத்தை லேஞ்சியால் துடைத்துக்கொண்டே இருப்பார். எவ்வளவு கெதியாக வந்து நிற்கிறார் பார், இந்தக் கெட்டித்தனத்தில் பாதி படிப்பில் இருந்திருந்தால் எங்கேயோ போயிருக்கலாம்.

பதினொன்று இருபதுக்குப் போன் அடித்தது, அவன் பாய்ந்து எடுத்தான். அண்ணி இல்லை, லிஸ்பன். டோனா லுர்தெஸ், ஒலிப்பதிவை நடத்துகிற பெண், சிகரெட் குரல், கூகா, கடைசிப் பகுதி எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டாள். வருகிறது, வருகிறது. கூகா, பிள்ளைகள் கடிதம் எழுதிக் குவித்திருக்கிறார்கள், கப்பல் படம் கீறி அனுப்பியிருக்கிறார்கள், அண்ணன் எப்போது வருவான், சங்கு கொண்டு வருவானா என்று, நான் கடைசிப் பகுதியின் படத்தை மட்டும் ஓட்டிப் பார்த்தேன், அது கல்லறைதானே? கல்லறை என்றால் யாருடையது, தாத்தாவுடையதா, அவள் கேட்டாள், குரலைத் தாழ்த்திக் கேட்டாள், தாத்தாவுடையது என்று நீ எழுதித் தந்தால் நாங்கள் அப்படியே பேசிவிடுவோம், விளங்குகிறதா? விளங்கியது. இங்கே ஒருவரும் உண்மை கேட்கவில்லை, வாய் அசைகிற நேரத்துக்கு அளவான ஒன்றைத்தான் கேட்கிறார்கள். பன்னிரண்டுக்குள் அனுப்புகிறேன் என்றான். ரிசீவரை வைத்தான்.

தாத்தா. சரி, தாத்தா என்றே எழுதலாம், பெரிய வேலையில்லை, தாத்தா, அண்ணன் கப்பலில் சுகம், அடுத்த கோடையில் வருவான்... படத்துக்குள் பிக்குவின் வாய் அசைந்தது, குகதாசனுக்கு வேறொரு போன் கேட்டது, அந்தத் திங்கட்கிழமை, தொலைக்காட்சி நிலையத்தின் உள்ளே அவன் வேலையில் இருந்தபோது வந்தது. எண்பத்துமூன்று ஆடிக் கலவரம், தமிழரின் வீடும் கடையும் தேடிக் கொழும்பு எரியத் தொடங்கிய காலை. புறக்கோட்டைக் கடையிலிருந்து அண்ணை, டேய் குகன், நீ வெளிக்கிடாதை, அங்கையே இரு, நான் வந்து கூட்டிக்கொண்டு போறன் என்றார். நிலையத்தைச் சுற்றி ஆமி, உள்ளே கூட வேலை செய்த சிங்களப் பெடியன்கள் இவனை நாடா அறையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்தார்கள், அவனுக்கு ஒரு ஆபத்துமில்லை, ஒரு கீறல்கூட விழவில்லை. வரவேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். வாய் இருந்தது, போன் கையில் இருந்தது, வரவேண்டாம் அண்ணை, நான் இங்கை பத்திரம் என்று சொல்ல எத்தனை விநாடி பிடிக்கும், மூன்று விநாடி பிடிக்குமா? பயந்துபோய், கெதியா வாங்கோ அண்ணை என்றான். கலியாணமாகி ஐந்து மாதம் அண்ணைக்கு. சைக்கிளை எடுத்துக்கொண்டு கடையை விட்டுப் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள், அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. இதை அண்ணியிடம் சொன்னதில்லை, லலிதாவிடமும் சொன்னதில்லை, தன்னிடமே இப்படி முழுதாகச் சொன்னது இன்றைக்குத்தான். எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

போன் அடித்தது. அண்ணி. பின்னால் தட்டங்கள் மோதும் சத்தம், பிள்ளைகளின் கூச்சல்.

"தம்பி, வேலையோ? கன நேரம் மினக்கெடுத்தமாட்டன்."

"சொல்லுங்கோ அண்ணி. உங்களுக்குப் பேர்தானே வேணும், எடுத்து வைச்சிருக்கிறன்..."

"பேரோ? இல்லைத் தம்பி, அது வேண்டாம். நான் கேக்க வந்தது வேறை. வாற ஆடியோடை பன்னிரண்டு வரியம். பன்னிரண்டு வரியம் ஒரு சேதியும் இல்லாட்டில் தர்ப்பையிலை ஆளைச் செய்து வைச்சுக் கடமை முடிக்கலாமாம், ஐயர் சொன்னவர். கொழும்பு முகத்துவாரக் கடலிலை சாம்பலைக் கரைக்கலாம். எனக்குப் பிள்ளை குட்டி இல்லை. கொள்ளி வைக்க உரித்துக்காரன் நீர்தான் தம்பி. கனகலிங்கத்தாரிட்டை உமக்கும் ஒரு சீட் பிடிச்சு வைக்கச் சொன்னனான். நீர் வருவீரோ, அதைத்தான் கேக்கிறன்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது, தேடப் போகவில்லை, மறியல் வாசல் இல்லை, ஆமிக்காரன் இல்லை, காலையிலிருந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்த பயம் அப்படியே விட்டுப்போனது, நியாயப்படி அவன் அந்த இடத்திலேயே அப்பாடா என்று உட்கார்ந்திருக்க வேண்டும். ஆனால் வந்தது கோபம். என்ன கதை இது, உயிரோடிருக்கிற மனிதனைப் புல்லில் செய்து வைத்து எரிப்பதா, அதுவும் நானா, என் கையாலா?

"என்ன அண்ணி விசர்க்கதை கதைக்கிறியள்," என்று கத்தினான். "கண்ட ஆள் இருக்குதெல்லே! கஸ்பர் எண்டு, மன்னார் ஆள், தன்ரை கண்ணாலை கண்டவர்."

"ஆர் தம்பி கஸ்பர்?"

"கருவாட்டு வியாபாரம் செய்தவர் அண்ணி. அண்ணையோடை ஒரு அறையிலை இருந்தவர். தாடி வளர்த்திருக்கிறாராம், தலை நரைச்சுப் போச்சாம்... என்னைக் கேட்டவராம் அண்ணி, தம்பி எங்கை, சுகமா இருக்கிறானோ, பயந்த பெடியன் எண்டு கேட்டவராம், என்னிலை கோவமில்லை எண்டு சொல்லச் சொன்னவராம்..." கன்னத்தில் ஈரத்தை அப்போதுதான் உணர்ந்தான். கஸ்பர் அவனுக்கு எதிரே நின்றுகொண்டு லேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவர் ஓம் என்று தலையாட்டினால் போதும் என்று அவன் காத்திருந்தான்.

அந்தப் பக்கத்தில் தட்டங்களின் சத்தம் தூரமாகியது, அண்ணி வயரை இழுத்துக்கொண்டு எங்கேயோ ஒதுங்கியிருக்க வேண்டும்.

"ஓம் தம்பி," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். இந்த இரண்டு வருடமும் மாதா மாதம் அவன் வீட்டுக் கதிரையில் இருந்து, அண்ணையின் காயத்துக்கும் மெலிவுக்கும் கணக்குப் பாடத்துக்கும் சொன்ன அதே ஓம், அதே மெதுவான குரல். அது நம்பியவளின் குரல் இல்லை, காய்ச்சலில் பிதற்றுகிற பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து சொல்கிற குரல் என்பது அவனுக்கு இப்போதுதான் கேட்டது.