பாளையக்காரர் கொடுத்த தலை

வளைகுடா நாட்டில், ருவைஸ் சைட்டில், காலை ஆறு மணிக்குப் பாதுகாப்புப் பேச்சு உண்டு. ஹெல்மெட், கையுறை பற்றிப் பேச வேண்டிய பத்து நிமிடத்தில், ஜப்பான்காரரான மேனேஜர் மொரிதா தன் ஊர்ப்பக்கம் நானூறு வருடத்துக்கு முன் ஆண்ட ஒரு சாமுராய்ப் பிரபுவின் கதையைத் தினம் கொஞ்சமாகச் சொல்வார். அதைத் தமிழில் சொல்வது ஃபோர்மேன் பாண்டித்துரையின் வேலை. பிரபு என்றால் நம் ஆட்களுக்கு என்ன புரியும்? பாண்டித்துரை கமுதிக்காரர், ‘பாளையக்காரர்’ என்று போட்டார். அன்றிலிருந்து கூட்டம் வாயைப் பிளந்து கேட்டது.

பாளையக்காரர் பதினாறு வயதில் பட்டத்துக்கு வந்தார், சொந்த அண்ணனோடு மல்லுக்கட்டினார், மூன்று கோட்டைகளைப் பிடித்தார். கடைசியில் பெரும்படை வந்து அவர் கோட்டையை வளைத்துக்கொண்டது.

“ஹெட் கிவ்விங், காசில் சேவிங்,” என்றார் மொரிதா. அவருடைய இங்கிலீஷ் அவ்வளவுதான். பாண்டித்துரையின் இங்கிலீஷும் அதற்குச் சளைத்ததல்ல.

“தலையைக் குடுத்துக் கோட்டையக் காப்பாத்திட்டாருய்யா,” என்றார் பாண்டித்துரை.

அந்த வாரமே பம்ப் ஒன்று எரிந்துபோனது. பெர்மிட் வருவதற்கு முன்பே அதை ஓடவிடச் சொன்னவர் மொரிதா. வாய்வார்த்தைதான், எழுத்தில் எதுவும் இல்லை. ஸ்விட்சைப் போட்டவன் சோலைமுத்து. அவன் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஊரில் அவன் மனைவி பூவாயி கைக்குழந்தையோடு இருந்தாள். விசாரணையில் அவனைத்தான் ஊருக்கு அனுப்புவார்கள் என்று கேம்ப் முழுக்கப் பேச்சு.

பாண்டித்துரை ஆபீசுக்குப் போய், “மை மிஸ்டேக் சார்,” என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். யாரும் கேட்கவில்லை, அவராகவே போட்டார். பத்தொன்பது வருட சர்வீஸ். தலையைக் கொடுத்தவனை ஜப்பான்காரன் கைவிடமாட்டான் என்று மனுஷன் நம்பினார், பாவம்.

மறுநாள் மத்தியானமே விசா கேன்சல் என்று சொல்லிவிட்டார்கள். மொரிதா அவர் முன்னால் இடுப்பு வளையக் குனிந்து வணங்கினார்.

“என் வேலை போக வேண்டியது. விசாரணையில் சோலைமுத்து பேரை யாரும் எடுக்கவே இல்லை. நீ கதையைச் சரியாகப் புரிந்துகொண்டாய்,” என்று தன் உடைந்த இங்கிலீஷில் சொல்லி முடித்தார்.

அந்தப் பிரபு செத்த பிறகு கோட்டையை யார் ஆண்டது என்று பாண்டித்துரை கேட்டார்.

மொரிதா விழித்தார். “அவர் எங்கே செத்தார்? தன் தளபதி ஒருவனின் தலையை வெட்டி எதிரிக்கு அனுப்பினார். எழுபத்தாறு வயதுவரை நன்றாக இருந்தார்.”

மொரிதாவை வைவதா, தன் இங்கிலீஷை வைவதா என்று பாண்டித்துரைக்குத் தெரியவில்லை.

ரூமில் அவர் பெட்டி கட்டும்போது சோலைமுத்து வந்து காலைத் தொட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

“நீங்கதாண்ணே எனக்கு அந்தப் பாளையக்காரரு.”

“அவரு சாகலடா. வேற ஒருத்தன் தலையை வெட்டிக் குடுத்துட்டாரு.”

“யாருண்ணே அவன்?”

“கேட்டேன். சாருக்குப் பேரு தெரியலயாம்.”